பதிலுக்காக நின்ற மூன்று நிமிடம்

வெர்னெல் கேஸ்கின்ஸ் மிசிசிப்பியின் பருத்திக் காடுகளுக்கு நடுவே இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மூன்றாவது வரிசையில் சூயிங்கம் ஒட்டப்போகிறவன் யார் என்று, ஒட்டுகிறவனுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

போன ஜனவரியில் அவள் கணவன் லூஷியஸுக்கு மூச்சு வாங்கியது. மாவட்ட ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் அளக்கிற கிளிப்பை விரலில் மாட்டினார்கள். தொண்ணூற்று நாலு காட்டியது. "நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்குப் போங்க" என்றார்கள். போனான். மறுநாள் மதியம், சோளரொட்டியைப் பிட்ட கை பிட்டபடியே இருக்க, ஒரேயடியாகப் போனான். கருத்த தோலில் அந்தக் கிளிப் சில சமயம் கூட்டிக் காட்டும் என்பது டாக்டர்களுக்குப் பழைய சங்கதி. லூஷியஸுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

வெர்னெல் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. கருத்தவர்கள் மூச்சு முட்டுகிறது என்று வந்தால் கிளிப்பை மட்டும் நம்பக் கூடாது, ரத்தமும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதை விதியாக்குவது ஆஸ்பத்திரிக் குழுவில் இருக்கும் ஐந்து பேர் கையில். அவர்கள் முன்னால் பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.

அவளுக்குத் தெரிந்த மேடைப் பேச்சு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்தான். பாஸ்டர் ஒரு வரி சொல்வார். சபை பதில் சொல்லும். பதில் வராமல் அடுத்த வரிக்கு நகர்ந்த பாஸ்டரை அந்த ஊர் பார்த்ததில்லை. அவளும் அப்படியே பேருந்தில் ஒத்திகை பார்த்தாள். பள்ளிப் பேருந்து கட்டாயம் நிற்க வேண்டிய ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, "என் புருஷன் பேரு லூஷியஸ்" என்பாள். "சொல்லுங்க, மிஸ் வெர்னெல்!" என்று அறுபது தொண்டை அலறும். கணக்காக இரண்டு நிமிடம் ஐம்பது நொடியில் பேச்சு முடிந்தது. பத்து நொடி மிச்சம் என்று அவளுக்கு ஒரே பெருமை.

குழு கூடிய நாளன்று கிளியோலா கூடவே வந்தாள். சபையில் வாசல் ஊழியக்காரிகளுக்கெல்லாம் தலைவி அவள். வெள்ளைக் கையுறை போட்ட கையை அசைத்தே, வாய் திறக்காமல் கூட்டத்தை உட்கார வைப்பாள், எழுப்புவாள்.

"ஏன்டி நடுங்குற? அறுபது பிசாசுங்கள மேய்க்கிறவ, அஞ்சு கிழவனுக்கா பயப்படுற?"

"பிசாசுங்க பதில் பேசும்டி."

குழுத் தலைவர் சுத்தியலைத் தட்டினார். "கைதட்டல், ஆமென், எதுவும் கூடாது. மீறினா மண்டபத்தையே காலி பண்ணிருவேன்."

வெர்னெல் மைக்குக்கு வந்தாள். நேரம் காட்டுகிற விளக்கு பச்சையாக எரிந்தது.

"என் புருஷன் பேரு லூஷியஸ்."

நின்றாள். பின்வரிசையில் சபைப் பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கைக்குட்டையையே வாயில் திணித்துக்கொண்டாள்.

"அவருக்கு மூச்சு முட்டுச்சு."

மறுபடி நின்றாள். வேண்டுமென்று நிற்கவில்லை. பதில் வராமல் அடுத்த வரிக்கு அவள் நாக்கே புரளவில்லை. விளக்கு மஞ்சளானது. கிளிப், தொண்ணூற்று நாலு, சோளரொட்டி என்று வரிவரியாக நின்று நின்று வந்தாள். கேட்க வேண்டியது கடைசி வரியில் இருந்தது. அதற்கு முந்தின வரியிலேயே சிவப்பு விழுந்தது.

"நன்றி. அடுத்தவங்க வரலாம்."

வெர்னெல் காகிதத்தை மடித்தாள். ஒரு வருடத்துத் துக்கம் உள்ளங்கை அளவுக்கு மடிந்துவிட்டது. திரும்பும்போது பின்வரிசையில் ஒரு வெள்ளைக் கையுறை உயர்ந்தது. உள்ளங்கை முன்னால், விரல்கள் சேர்ந்திருந்தன. சபையில் அதற்கு 'நின்ன இடத்திலேயே நில்லு' என்று அர்த்தம். பாஸ்டரே மீறாத சைகை அது. வெர்னெல் நின்றாள்.

போகாமல் நிற்கிறவளைக் குழுவில் இருந்த வெண்டல் புரூயிட் உற்றுப் பார்த்தார். கெளுத்தி மீன் பண்ணைக்காரர், வெள்ளைக்காரக் கிழவர்.

"ஒரு சந்தேகம்மா. ஏன் வரிக்கு வரி நின்னீங்க? மறந்துபோச்சா?"

"மறக்கலைங்க. நீங்க பதில் சொல்வீங்கன்னு நின்னேன்."

புரூயிட் தாடையைச் சொறிந்தார். "எதுக்குப் பதில்? நீங்க இன்னும் ஒண்ணும் கேக்கலியே."

"நேரம் முடிஞ்சுபோச்சு" என்றார் தலைவர்.

"அவங்க நேரம்தான் முடிஞ்சுது. குழு கேக்குற கேள்விக்கு விளக்கு கிடையாது. நீங்க போட்ட விதிதானே?" என்றார் புரூயிட்.

வெர்னெல் கடைசி வரியைச் சொன்னாள். ஒரே மூச்சில், எங்கேயும் நிற்காமல். கிளிப்பை மட்டும் நம்பாதீங்க, ரத்தத்தையும் பாருங்க. அவ்வளவுதான்.

புரூயிட் தானே தீர்மானம் கொண்டுவந்து தானே முதலில் கை தூக்கினார். அப்புறம் இன்னொரு கை. கடைசியில், யாரோ கீழே இருந்து முட்டுக்கொடுத்ததுபோல, மூன்றாவது கை. தலைவரும் பக்கத்து ஆளும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை பேருந்தில் முதல் படியிலேயே ஒரு வாண்டு மறித்தது. "மிஸ் வெர்னெல், அவங்க பதில் சொன்னாங்களா?"

"மூணு பேரு சொன்னாங்க. ரெண்டு பேருக்கு இன்னும் வாய் வரல. போய் உக்காரு. வாயில இருக்கிற சூயிங்கத்தை இங்க துப்பிட்டுப் போ."

ரயில்வே கேட்டில் வழக்கம்போல வண்டியை நிறுத்தினாள். இன்று அவள் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் பின்னாலிருந்து யாரோ ஒருவன், "சொல்லுங்க, மிஸ் வெர்னெல்!" என்றான். யார் என்று அவளுக்குத் தெரியும். திட்டவில்லை. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.