அண்ணி ஃபைலைப் பிரித்த வாரம்

என் அண்ணியின் கைப்பையில் ஸ்க்ரூடிரைவர், தலைவலி மாத்திரை, இரண்டு சார்ஜர், ஜோடி தொலைந்த காதணி, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் எல்லாம் ஒன்றாகக் குடியிருக்கும். உள்ளறை, ஜிப் என்ற பேச்சே கிடையாது. ஆனால் எது கேட்டாலும் பார்க்காமலே கையை விட்டு எடுத்துத் தருவார். வேறு யாராவது கையை விட்டால் ஊசி குத்தும். அவர் எழுதிய ப்ரோக்ராமும் அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது.

பல் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்னக் கம்பெனி எங்களுடையது. டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள். முதலாளி ஒரு காலத்தில் பல் டாக்டராக இருந்தவர். அடுத்தவர் வாய்க்குள் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் இந்தத் தொழிலுக்கு வந்தார். ப்ரோக்ராம் எழுதுவது அண்ணி. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் போனை எடுத்துத் திட்டு வாங்குவது நான். அண்ணி சொன்னால் ஒன்றிரண்டு வரி திருத்தவும் செய்வேன், சொல்லாவிட்டால் கிட்டேயே போக மாட்டேன்.

நோயாளிக்கு நேரம் ஒதுக்குவது, முந்தின நாள் செய்தி அனுப்புவது, பில் போடுவது என்று எல்லா வேலையும் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரே ஃபைலுக்குள் இருந்தது. அதை அடி வரை உருட்டிப் பார்ப்பதற்குள் விரல் தேய்ந்துவிடும். நடுநடுவே அண்ணி தனக்குத்தானே குறிப்பு எழுதி வைத்திருப்பார். 'இதைத் தொடாதே' என்று ஓரிடத்தில் இருக்கும். கொஞ்சம் கீழே போனால் 'அப்போதே சொன்னேன்' என்று இருக்கும். பில்லில் ஒரு கமாவை மாற்றினால் எங்கோ ஒரு கிழவருக்கு மூன்று முறை செய்தி போகும். ஏன் என்று அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால்தான் அவரால் எங்கும் போக முடியவில்லை. என் அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். மனைவியைக் கூட்டிக்கொண்டு பயணம் போகலாம் என்று அவருடைய கம்பெனி எப்போதோ அனுமதி கொடுத்துவிட்டது. அண்ணி பெட்டி கட்டிய ஒவ்வொரு முறையும் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் ப்ரோக்ராம் படுத்துவிடும், பெட்டி திரும்பவும் பரணுக்குப் போகும். அந்த ப்ரோக்ராமுக்குத் தான் சக்களத்தன் என்று அண்ணன் போனில் புலம்புவார். அப்படி ஒரு வார்த்தை கிடையாது என்று அண்ணி சிரிப்பார். ஆனால் இந்த வருடம் அண்ணன் புலம்பவில்லை. இதுதான் தன் கடைசிப் பயணம், இறங்கியதும் துறைமுக ஆபீசில் மேசை வேலை என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்புகிறது. மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், வீட்டில் அண்ணியைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை. அந்த ஒரு ஃபைல்தான் இருந்தது.

அண்ணி அன்றைக்கே ஃபைலைப் பிரிப்பது என்று முடிவு கட்டினார். தான் இல்லாதபோது நான் தைரியமாகக் கை வைக்கும்படி இருக்க வேண்டும் என்பது கணக்கு. நோயாளி விவரம் ஒரு ஃபைல், நேரம் ஒதுக்குவது ஒரு ஃபைல், செய்தி தனி, பில் தனி. ஒவ்வொன்றும் ஒரு மாட்யூல். எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்குள் வைத்துப் பெயர் கொடுத்தால் அதுதான் பேக்கேஜ். ஒரு மாட்யூலுக்கு இன்னொன்றின் உதவி வேண்டுமானால், முதல் வரியிலேயே இம்போர்ட் என்று எழுதி அதைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். ஃபோல்டரில் ஒரு ஃபைல் ஒன்றுமே எழுதாமல் காலியாக இருப்பதைப் பார்த்து, இதற்குத்தான் இத்தனை நாளா என்று கேட்டார். இது பேக்கேஜ் என்று அடையாளம் காட்ட அப்படி ஒரு ஃபைல் வைப்பது வழக்கம், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அண்ணி விளக்கினார். முதலாளி போனதும், இந்த ஆபீசிலும் ஒருவர் அப்படி இருக்கிறாரே என்றேன். அண்ணி கீபோர்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்.

புதனன்று காலை முதல் ஆஸ்பத்திரியில் புதியதை ஏற்றிவிட்டு வந்தேன். நான் வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் போன். ப்ரோக்ராம் திறக்கவே இல்லை, நேரம் ஒதுக்கும் மாட்யூல் இல்லை என்று திரையில் வருகிறதாம். வரவேற்பில் இருக்கும் அம்மாள், கன்னம் வீங்கியவர்கள் வரிசையாக உட்கார்ந்து தன்னையே முறைப்பதாகச் சொன்னார். முறைக்க மட்டும்தானே முடியும், வாயைத் திறக்க முடியாதே என்று நினைத்தேன், சொல்லவில்லை.

அண்ணி தன் கணினியில் ஓட்டிப் பார்த்தார், சமர்த்தாக ஓடியது. ஆஸ்பத்திரிக் கணினியைத் தூரத்திலிருந்தே திறந்து பார்த்தார், ஃபைல் அங்கேயே இருந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடியும் இல்லை என்றது.

"கண்ணு முன்னாடி இருக்கு தம்பி. இல்லைங்குது" என்றார். குரல் சுருதி இறங்கிவிட்டது.

மதியம் ஆனதும் முதலாளி வந்து தீர்ப்பு சொன்னார். பழையதையே போடு, நன்றாக ஓடுவதை யார் நோண்டச் சொன்னது, லீவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஏதோ சினிமா டிக்கெட்டைத் தள்ளிப்போடுகிற மாதிரி சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய பழைய இடுக்கியை எடுத்து அவருக்கே வைத்தியம் பார்த்திருப்பேன்.  அண்ணியோ, வர முடியாது என்று அண்ணனுக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். பழைய ஃபைல் என்னிடம் இருந்ததால், அதை எடுக்கச் சொன்னார்.

எடுக்கப் போன நான், கைப்பழக்கத்தில், ப்ரோக்ராமைத் திறக்க ஆஸ்பத்திரியில் வைத்தது போலவே என் திரையிலும் வைத்திருந்த ஐகானை அழுத்தித் தொலைத்தேன். அதே பிழை வந்து நின்றது. அண்ணி போனைக் கீழே வைத்தார்.

"நீ எங்கேருந்து ஓட்டினே?"

"டெஸ்க்டாப்லேருந்துதான் அண்ணி. ஐகானை அழுத்தினேன்."

ஐகான் ஃபோல்டருக்கு வெளியே நின்று பேக்கேஜைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி நான் அமைத்தது. அண்ணியோ இத்தனை நாளும், ஒவ்வொரு முறையும், ஃபோல்டருக்குள் போய் அங்கிருந்தே ஓட்டியிருக்கிறார். உள்ளே இருக்கும்போது வெறும் பெயரைச் சொன்னாலே பக்கத்து மாட்யூல் வந்துவிடும், வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தால் அடுத்த அறையில் இருப்பவர் வருகிற மாதிரி. தெருவில் நின்றுகொண்டு அதே பெயரைக் கூவினால் யார் வருவார்கள்? வெளியிலிருந்து கூப்பிட முழு விலாசம் வேண்டும். பேக்கேஜ் பெயர், ஒரு புள்ளி, பிறகுதான் மாட்யூல்.

 "உள்ளேயே உக்காந்துக்கிட்டு எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சிருக்கேன், பாரு" என்றார் அண்ணி.

இம்போர்ட் வரிகள் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து முழு விலாசம் எழுதினார். அதில் ஒரு வேடிக்கை. இப்போது வெளியிலிருந்து ஓடுகிறது, உள்ளே போய் ஓட்டினால் பேக்கேஜே இல்லை என்கிறது. அண்ணியின் கையோ பழைய ஞாபகத்தில் ஃபோல்டருக்குள்ளேயே நுழைந்து நுழைந்து பிழை வாங்கியது. "வெளியே வாங்க அண்ணி, வெளியே வாங்க" என்று நான் பக்கத்தில் நின்று நடத்துனர் மாதிரி கூவிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் தலையில் ஒரு குட்டு வைத்தார். கூட்டம் குறைந்த சாயங்கால வேளையில் ஆஸ்பத்திரியில் ஏற்றினோம். திறந்தது. வரவேற்பு அம்மாள் நன்றி சொல்லவில்லை, ஆனால் திட்டவும் இல்லை. எங்கள் தொழிலில் அதுவே மாலை மரியாதை.

வியாழனன்று மற்ற ஆஸ்பத்திரிகளிலும் ஏற்றி முடித்தோம். முதலாளி லீவைப் பற்றி மறுபடி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு, அண்ணி வரும் வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் 'இதைத் தொடாதே' என்ற குறிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை துறைமுக வாசலில் அண்ணன் நின்றிருந்தார். அண்ணி பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பி, பில் மாட்யூலில் வரிக் கழிவைப் பற்றி ஆரம்பித்தார். அண்ணன் பெட்டியோடு பொறுமையாக நின்றார். நான்தான் அண்ணியின் தோளைப் பிடித்துத் திருப்பி வாசல் பக்கமாகத் தள்ளிவிட்டேன்.

அதன் பிறகு நடுக்கடல், போன் கிடையாது. முதல் துறைமுகத்தில் சிக்னல் கிடைத்ததும் அண்ணி கூப்பிட்டார். கடல் எப்படி, கப்பல் எப்படி என்று நான் கேட்டது எதுவும் காதில் ஏறவில்லை.

"என்ன தம்பி உடைஞ்சுது? மறைக்காம சொல்லு."

ஓர் ஆஸ்பத்திரியில் செய்தியின் வாசகத்தை மாற்றச் சொன்னார்கள், செய்தி மாட்யூலை மட்டும் திறந்து மாற்றினேன், வேறெங்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். அண்ணி நம்பவில்லை. பில்? ஓடுகிறது. நேர ஒதுக்கீடு? ஓடுகிறது. கிழவருக்கு மூன்று செய்தி? ஒன்றுதான் போகிறது.

"அப்படியா" என்றார், குரல் தேய்ந்துபோய்.  அண்ணி வருத்தப்படுகிறார் என்று புரிந்தது. இத்தனை வருடம் தான் நகர்ந்தால் எல்லாம் விழுந்துவிடும் என்று தாங்கிப் பிடித்தவரிடம், நீங்கள் இல்லாமலே நன்றாக நடக்கிறது என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேனே என்று இருந்தது. ஒரு சின்னப் பிழையை இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சொல்லவில்லை. "நெஜமாவே ஒண்ணும் உடையல அண்ணி" என்றேன்.

பின்னால் அண்ணன், சாப்பாடு ஆறுகிறது என்று கூப்பிடுவது கேட்டது. அண்ணி மட்டும் இந்த முதல் துறைமுகத்திலேயே இறங்கி ஊர் திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

"தம்பி" என்றார் அண்ணி. "அப்ப நான் கடைசி வரைக்கும் அவர்கூடவே வந்துடட்டுமா?"

ஆயிரம் வரியை அநாயாசமாக எழுதுகிறவர், என்னிடம் போய் அனுமதி கேட்கிறார்.  வாங்க அண்ணி, மெதுவா வாங்க என்று சொல்லிவிட்டு, அவர் பில் மாட்யூலை மறுபடி ஆரம்பிப்பதற்குள் போனை வைத்துவிட்டேன்.