மூன்றாவது ஓலை

பி.டி. வாத்தியார் ஸ்தனிஸ்லாஸின் மகள் கேம் டிசைனர் ஆகிவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, அவளும் அப்பாவைப் போல விசிலும் கையுமாக ஏதோ மைதானத்தில் நிற்கிறாள் என்றுதான் திண்டுக்கல்லில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். மீதிப் பேருக்கு அது என்ன வேலை என்றே விளங்கவில்லை. ஸ்தனிஸ்லாஸுக்கும் விளங்கவில்லைதான், ஆனால் அதை ஒப்புக்கொள்கிற ஆள் அவர் இல்லை. “செல்போன்ல பிள்ளைக வெளையாடுதுகல்ல, அதுக்கு ரூல்ஸ் போடுறது எம் பொண்ணுதான்” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அப்படிச் சொன்னதில் பெரிய தப்பில்லை என்பதுதான் வேடிக்கை.

ரூல்ஸ் போடுகிற புத்தி மகள் வினோலியாவுக்குச் சின்ன வயதிலேயே உண்டு. தொண்ணூறுகளில் ஸ்தனிஸ்லாஸ் தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். சனிக்கிழமை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போவார். கோ-கோ ஆட்டத்தில் மெதுவாக ஓடுகிற பிள்ளைகள் முதலிலேயே அவுட்டாகிப் பிறகு பீரியட் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருப்பதை அவள்தான் கவனித்தாள். “அவுங்க திரும்ப உள்ள வர ஒரு வழி வைங்கப்பா” என்று சொல்லி, அந்த வழியையும் சொன்னாள். போனால் போகிறதென்று செய்து பார்த்தார். மணியடித்த பிறகும் பிள்ளைகள் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி ரோசலினிடம், “ஒம் மக எனக்கே ரூல்ஸ் போடுறா” என்று சலித்துக்கொண்டார். சலிப்பா அது, பெருமை!

உள்ளூர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் பெங்களூரில் ஒரு செல்போன் கேம் கம்பெனியில் சேர்ந்தாள். ஆடுகிறவன் எந்த இடத்தில் விழுவான், எத்தனை தடவை விழுந்தால் கடுப்பாகிப் போனை வைத்துவிடுவான் என்று யோசித்து, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு படியை இறக்கிக் கொடுக்க வேண்டும். கட்டம் போட்ட தாளில் இதைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். ஆனால் ஆட்டம் என்ன, கதை என்ன என்பதெல்லாம் வெளிநாட்டில் முடிவாகி வரும். படி வைப்பது மட்டும்தான் இங்கே. முழு ஆட்டம் ஒன்றை முதலிலிருந்து தானே செய்ய வேண்டும் என்ற ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது. அதற்கு அப்போது வெளிநாடு போவதைத் தவிர வேறு வழி இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டு வேலை விளம்பரங்களைக் கடைசி வரியிலிருந்து படிக்கப் பழகிக்கொண்டாள். எங்கள் நாட்டில் வேலை செய்ய ஏற்கெனவே அனுமதி உள்ளவர்கள் மட்டும் எழுதவும் என்று அங்கேதான் போட்டிருப்பான். அந்த வரி இருந்தால் மேலே எவ்வளவு தேனாக எழுதியிருந்தாலும் பிரயோஜனமில்லை. வரி இல்லாத இடங்களுக்கு எழுதினாள். சில பேர் அவள் செய்த வேலையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள், பிரமாதம் என்றார்கள். விசாவுக்குக் கம்பெனிதான் பொறுப்பேற்க வேண்டும் என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். போகிறவள் திறமைசாலியாக இருந்து என்ன செய்ய? கூப்பிடுகிறவன் தன் சர்க்காரிடம் போய், இவள் எனக்கு வேண்டும், இந்த வேலைக்கு எங்கள் ஊரில் ஆள் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொடுத்து மல்லுக்கட்ட வேண்டும். யாரோ ஒருத்திக்காக எவன் மெனக்கெடுவான்?

ஒரு கம்பெனி மெனக்கெடுகிறேன் என்றது. கனடாவில் இருந்தது. ஈஸ்டர் லீவுக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்த நேரம் பார்த்துப் பேசக் கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஹராஜ் நடத்திய பிரவுசிங் சென்டரில்தான் அந்த நேர்காணல் நடந்தது. “ஏலே, செத்த நேரம் கம்முன்னு இருங்கப்பா, பாப்பா கனடாக்காரங்கட்ட பேசுது” என்று மெஹராஜ் கடையையே அடக்கி வைத்தார். அடுத்தடுத்து இரண்டு தேர்வு வைத்து, கடைசியில் வேலை தருகிறோம் என்றார்கள். எங்கள் அரசாங்கம் அனுமதித்தால் ஜனவரியில் வந்து சேரலாம் என்றும் சொன்னார்கள்.

ஸ்தனிஸ்லாஸ் காதில் ஜனவரி மட்டும் விழுந்தது. அனுமதித்தால் என்பது விழவில்லை. வினோலியா இரண்டு மூன்று தரம் எடுத்துச் சொன்னாள். “அதெல்லாம் குடுப்பாங்க பாப்பா, அம்புட்டுப் பெரிய கம்பெனி” என்று கையை வீசிவிட்டு, அடுத்த ஆளுக்குப் போன் போட்டார்.

செய்தி கொடைரோடு வரைக்கும் போயிற்று. அங்கிருந்து ராபினுக்காகப் பெண் கேட்டு வந்தார்கள். நூற்பாலையில் எலெக்ட்ரிகல் இன்ஜினியர், அமைதியான பையன். நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்களைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளைகளும் கூடவே விமானம் ஏறுவதை அந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கேம் டிசைனரைக் கட்டினாலும் அதே கணக்குத்தானே என்று அவன் அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஒளிக்காமல் கேட்டே விட்டார்: “எங்க பையனும் கூடப் போய் வேலை தேடிக்கலாம்ல?” வினோலியாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் ராபினை அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆட்டத்தில் ஒருத்தன் தோற்றுப்போனது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டான். அவள் விளக்கியபோது இடையில் பேசாமல் முழுசாகக் கேட்டான். அதுவரைக்கும் யாரும் அவளிடம் அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.

நிச்சயம் முடிந்தது. கல்யாண வேலை இருக்கிறது, எப்படியும் போகப் போகிறவள்தானே என்று பெங்களூர் வேலையையும் விடச் சொன்னார்கள். விட்டாள்.

கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பூசையில் வைத்து, பெண் ஊரிலும் மாப்பிள்ளை ஊரிலும் வாசிப்பார்கள். முதல் ஓலையன்று ஸ்தனிஸ்லாஸ் சட்டையை இஸ்திரி போட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பூசை முடிந்து வாசலில் நின்று ஒருத்தர் விடாமல் மைசூர்பாகு கொடுத்தார். “கனடா, கனடா” என்று அவர் வாய் ஓயவில்லை. இரண்டாவது ஓலைக்கும் அப்படித்தான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கனடாவிலிருந்து போன் வந்தது. அவளை நேர்காணல் செய்து வேலைக்கு எடுத்த அம்மாள் ஒருவர் பேசினார். அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்த அந்த வருஷத்தில் இந்தக் கம்பெனிக்கும் பணம் போடுகிறவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவள் செய்ய இருந்த ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். அவளுக்காக அரசாங்கத்திடம் கொடுத்த மனுவையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். உன் வேலையில் குறையே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குறை இருந்திருந்தால்கூட வினோலியாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. போனை வைத்தாள். கூடத்தில் அப்பா யாரிடமோ, அங்கே குளிர் எப்படியிருக்கும் என்று அளந்துகொண்டிருந்தார்.

சொல்லாமல் விட்டால் என்ன? வேலை போனது எந்தத் திருச்சபைச் சட்டத்திலும் கல்யாணத்துக்குத் தடை இல்லை. மூன்றாவது ஓலை வாசித்து அடுத்த வாரம் தாலி ஏறிவிட்டால், விசா தள்ளிப்போகிறது, தள்ளிப்போகிறது என்று ஆறு மாசம் ஓட்டலாம். இந்த நினைப்பு அவளுக்கு வராமலில்லை. வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் புதன்கிழமை ராபின் போனில், “வெள்ளிக்கிழமை மில்லுல ராஜினாமா குடுக்கப் போறேன், டைப் அடிச்சு வச்சுட்டேன்” என்று சந்தோஷமாகச் சொன்னான். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை, தையல்காரரிடம் போய் வருகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுக் கொடைரோட்டுக்குப் பஸ் ஏறினாள். போனில் சொல்லியிருந்தபடி ரயில் நிலையத்தில் ராபின் காத்திருந்தான். திராட்சைக் கூடையோடு பெண்கள் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கும் இடையில் பேசாமல் முழுசாகக் கேட்டான்.

“வேற கம்பெனி பாக்கலாம்ல?”

“பாக்கலாம். ஆனா நாமளா போக முடியாது. எவனாச்சும் நமக்காக எழுதிக் குடுக்கணும். இப்ப அங்க இருக்கவங்களையே வெளிய அனுப்பிட்டு இருக்காங்க.”

“எங்கம்மா சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டாங்க” என்றான். “நீங்க வந்து சொன்னது நல்லதுங்க. இல்லைன்னா நாளைக்கு என் வேலையும் போயிருக்கும். நான் வீட்ல பேசுறேன்.”

உனக்கு நான் வேண்டுமா, கனடா வேண்டுமா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் இல்லை. அவன் நல்லவன்தான். அம்மா பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத நல்லவன். திண்டுக்கல் பஸ் வரும்வரை கூடவே நின்று ஏற்றிவிட்டுப் போனான்.

வெள்ளி போயிற்று. சனியும் போயிற்று. போன் வரவில்லை. வராததையே நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் கூடம்வரை போனாள். பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து, “என்ன பாப்பா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லப்பா” என்று திரும்பி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல மழை. ஸ்தனிஸ்லாஸ் தன்னோடு வேலை பார்த்த பழைய வாத்தியார்கள் நாலு பேரை வேறு பூசைக்கு வரச்சொல்லியிருந்தார். திருவிருந்து முடிந்து அறிவிப்புக்குச் சாமியார் தாளை எடுத்தார். சூசை என்பவர் மகளுக்கு முதல் ஓலை வாசித்தார். ஆரோக்கியதாஸ் என்பவர் மகனுக்கு இரண்டாவது ஓலை வாசித்தார். பிறகு, மாதா சபைக் கூட்டம் மாலை நான்கு மணிக்கு என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்தார்.

ராபின் பேசிவிட்டான். என்ன பேசினான் என்றும் வினோலியாவுக்குத் தெரிந்துவிட்டது.

ரோசலின் கணவரைத் தொட்டு என்னவென்று கண்ணால் கேட்டாள். பின்வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. “சாமியார் மறந்துட்டாரு” என்று ஸ்தனிஸ்லாஸ் பக்கத்திலிருந்தவருக்குக் கேட்கும்படியே சொன்னார். கடைசிப் பாட்டு முடியுமுன்பே எழுந்துவிட்டார். சாமியார் உடுப்பு மாற்றும் அறையைப் பார்த்து அந்தப் பழைய பி.டி. வாத்தியார் நடையில் விறுவிறுவென்று போனார். வினோலியா பின்னாலேயே ஓடினாள். “அப்பா, நில்லுங்கப்பா” என்று கூப்பிட்டது அந்தக் கூட்டத்தில் அவர் காதில் விழவில்லை.

“சாமி, எங்க பாப்பா ஓலைய விட்டுட்டீங்களே” என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டபோது அவள் வாசற்படியில் நின்றாள்.

சாமியார் தர்மசங்கடமாக அவரைப் பார்த்தார். “நேத்து சாயங்காலம் கொடைரோட்டு சாமியார் போன் பண்ணினாரு வாத்தியாரே. மாப்பிள்ளை வீட்ல நிறுத்தச் சொல்லியிருக்காங்க. ஒங்களுக்குச் சொல்லியிருப்பாங்கன்னுல்ல நெனச்சேன்.”

“எதுக்கு?”

“பொண்ணுக்கு வெளிநாட்டு வேலை இல்லைன்னு ஆயிருச்சாமே.”

“யார் சொன்னது? எவன் சொன்னான்?” என்று ஸ்தனிஸ்லாஸ் குரலை உயர்த்தினார்.

“நான்தாம்ப்பா சொன்னேன்” என்றாள் வினோலியா.

மழை விட்டிருந்தது. வண்டி நிறுத்தியிருந்த இடம்வரை அப்பாவும் மகளும் நடந்தார்கள். அங்கே வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். போன் வந்தது, தையல்காரர் என்று பொய் சொன்னது, கொடைரோட்டுக்குப் போனது, எல்லாம். அவர் வண்டி சீட்டிலிருந்த தண்ணீரைக் கையால் வழித்துக்கொண்டே இருந்தார்.

“பெத்த அப்பன்ட்ட சொல்லாம அவன்ட்ட போய்ச் சொல்லியிருக்கியே பாப்பா.”

“ஒங்ககிட்ட சொன்னா, மூணாவது ஓலை முடியட்டும், பொறவு சொல்லிக்கலாம்னு சொல்லிருவீங்களோன்னு பயந்தேன்ப்பா. நீங்க சொன்னா நான் கேட்டுருவேன்.”

அவர் கோபத்தோடு வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

“சொல்லியிருப்பேன்” என்றார் பிறகு. “அப்படித்தான் சொல்லியிருப்பேன்.”

கோயில் வாசலில் ரோசலினைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். பழைய வாத்தியார்கள் நாலு பேரும் குடையை மடக்கிக்கொண்டு இவர்களைப் பார்த்து வரத் தொடங்கினார்கள். வினோலியா முன்னால் ஓரெட்டு வைத்தாள். ஸ்தனிஸ்லாஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நீ இங்கயே நில்லு பாப்பா. ஊருக்கெல்லாம் சொன்னது நானு. நானே போய்ச் சொல்லிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அவர்களை நோக்கி நடந்தார்.