இடுப்பளவு தண்ணீர்

புதூர்நாட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். பிற்பகல் வெயிலில் சட்டை காய்ந்துவிட்டது. கால்சட்டை மட்டும் தொடையில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஏரியில் படகுகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் என்னைப் போகச் சொல்லவில்லை. சிரித்தார், அவ்வளவுதான். நாளைக்கும் அந்த முகத்தைப் பார்த்துத் துடுப்பை வாங்க முடியாது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவரிடம் வேலை கேட்டுப் போனபோது, "நீச்சல் தெரியுமாபா?" என்றார்.

"தண்ணியிலயே பொறந்தவன்ங்க" என்றேன்.

எட்டாவதோடு பள்ளியை விட்டபின் லாரி கிளீனர், செங்கல் சூளை, செங்கத்தில் மூட்டை தூக்குவது என்று திரிந்தவன் நான். எந்த வேலைக்கும் தெரியும் என்றுதான் சொல்வேன். தெரியாது என்றால் அன்று சோறு கிடையாது. துடுப்புப் போடுவது சீக்கிரம் கைக்கு வந்தது. நீச்சல் வரவில்லை. மற்ற படகோட்டிகள் மாதிரி நானும் லைஃப் ஜாக்கெட்டை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்வேன். போட்டுக்கொண்டால் கரையில் கேலி செய்வார்கள்.

அன்று காலை புதூர்நாட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஏறியது. ஒரு பெரியவர், அவர் மனைவி, மகள், மருமகன். ஏரியைச் சுற்றிக் காட்டிவிட்டு, எதிர்க்கரைப் பாறையடியில் இருக்கும் கன்னிமார் கல்லுக்குப் போகச் சொன்னார்கள். கரைக்குக் கொஞ்சம் தள்ளியே அந்த அம்மா தண்ணீரில் மஞ்சளும் பூவும் விட்டுக் கும்பிட்டார். மற்ற மூவரும் எழுந்து அதே பக்கம் குனிந்தார்கள். உட்காரச் சொல்ல வேண்டியவன் நான். நானும் துடுப்பை விட்டுவிட்டு அதே பக்கம் சாய்ந்து கையெடுத்தேன். படகு சரிந்தது. அவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். கும்பிட்ட கையோடு நான் விழுந்தேன்.

"காப்பாத்துங்க" என்று கத்தினேன். தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் கத்தினேன்.

"தம்பி, எந்திரிச்சு நில்லு" என்றார் பெரியவர்.

நின்றேன். தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அம்மா என் லைஃப் ஜாக்கெட்டை எடுத்து எனக்கு மாட்டி, குழந்தைக்குப் போடுவதுபோல் வாரை இழுத்துக் கட்டினார். கரையேறிக் கன்னிமாருக்குப் பொங்கல் படைத்ததும் அதில் ஒரு பிடியை என் கையில் வைத்தார். திரும்பும்போது மருமகன் என்னிடமிருந்து துடுப்பை வாங்கிப் போட்டார். படகு கோணல்மாணலாகப் போயிற்று. நடுப்பலகையில் பயணியாக நான் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடா, டிக்கெட் வாங்கிக்கினியா?" என்றான் கரையில் நின்ற படகோட்டி ஒருவன்.

பாதையில் நடக்கும்போதும் அந்தக் குரல் காதிலேயே இருக்க, பின்னால் ஜீப் சத்தம் கேட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். ஜீப்பும் நின்றது. உள்ளே அதே குடும்பம்.

"எங்க தம்பி போற?" என்றார் பெரியவர்.

"வேல தேடிக்கினு போறேங்க."

"எங்க நெலத்துல புளி உலுக்கறோம். மரம் ஏறத் தெரியுமா?"

தெரியும் என்று வாய்வரை வந்துவிட்டது. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுங்க."

"அப்ப கீழ நின்னு பொறுக்கு. ஏறு."

"அங்க தண்ணி கெடையாது, பயப்படாத" என்றார் அந்த அம்மா. இப்போது ஜீப் முழுக்கச் சிரித்தது. காது சுட, பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை மருமகன் கிளையில் நின்று உலுக்க, பெண்களோடு குனிந்து புளியம்பழம் பொறுக்கினேன்.