மணியாச்சியில் ஏறியவர்

என் அண்ணன் லாரி ஓட்டினான். கோவில்பட்டியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பிவர இருபது நாளாகும். அவன் இறந்த பிறகுதான் மதினிக்கும் ரத்தம் பரிசோதித்தார்கள். அவளுக்கும் எச்.ஐ.வி. இருந்தது. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா ‘அந்தச் சீக்கு’ என்பாள்.

விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. மதினி வேலைபார்த்த தீப்பெட்டி ஆபீசில் அவளோடு உட்கார்ந்து பெட்டி அடுக்கியவர்கள் ஒவ்வொருவராக இடம் மாறினார்கள். வேலையை வீட்டுக்கே கொடுத்தனுப்புவதாகச் சொல்லி அவளை நிறுத்தினார்கள். வேலை ஒருநாளும் வரவில்லை. அம்மா அவளுக்குத் தனித் தட்டு வைத்தாள். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். தொட்டால் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் சேலை காயும் கொடியில் என் துணியைப் போடாமலிருந்தேன். அதை அவள் கவனித்தாள்.

உள்ளூரில் தெரிந்த முகங்களுக்குப் பயந்து, மாதாமாதம் திருநெல்வேலிக்கு ரயிலில் போய் மாத்திரை வாங்கி வருவாள். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் என்று நானும் கூடப் போனேன்.

மணியாச்சியில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஏறினார். தண்டவாள வேலைக்கு ஒப்பந்தக் கூலியாகப் போகிறவர். என்னைப் பார்த்ததும் தயங்கி, பிறகு எதிரே உட்கார்ந்தார். பையிலிருந்து அவித்த கடலைப் பொட்டலத்தை எடுத்து மதினியிடம் நீட்டினார். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே வாங்கித் தின்னத் தொடங்கினாள். எத்தனையோ நாள் பழக்கம் போலிருந்தது. அவள் கையிலிருந்து நான் ஒரு பொருள் வாங்கி எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன்.

அவள் முகம் கழுவப் போனபோது அவர் மெதுவாகச் சொன்னார். “தங்கச்சி, நானும் அங்கனதான் மாத்திர வாங்குதேன். எனக்கும் அதேதான். ஒங்க மதினியக் கட்டிக்கிடலாம்னு ஒரு நெனப்பு. மொதல்ல வீட்டுல கேக்கணும்லா.”

“அவங்ககிட்டயே கேளுங்க அண்ணாச்சி.”

“பயமா இருக்கு,” என்றார்.

கங்கைகொண்டான் தாண்டித்தான் கேட்டார். மதினி கடலைப் பொட்டலத்தை மடித்துவைத்தாள். பிறகு, மாத்திரை டப்பாவை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் என்றார்.

“இனிமே அலமாரில வைக்கணும். ஒளிச்சு வைக்கிறதுன்னா எனக்குச் சம்மதமில்ல.”

அவர் தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஊர் என்ன பேசும் என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கழுகுமலையில் நடந்த கல்யாணத்துக்கும் வரவில்லை. ஆனால் அன்று காலை மதினி தலைவாரிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் உட்கார்ந்து சீப்பை வாங்கிக்கொண்டாள். “நேரா இரு,” என்று மட்டும் சொல்லி, சிக்கெடுத்துப் பின்னி, பூவும் வைத்துவிட்டாள். மூன்று வருடங்களில் அவள் மதினியைத் தொட்டது அன்றுதான். மதினியின் தோள்கள் குலுங்கின. அம்மா பார்க்காததுபோல் பின்னிக்கொண்டிருந்தாள்.

மணியாச்சியில் முதலில் பிடித்த வீட்டின் சொந்தக்காரர் அலமாரியில் டப்பாவைப் பார்த்துவிட்டு, இரண்டே மாதத்தில் காலிசெய்யச் சொன்னார். அடுத்த வீட்டில் முதலிலேயே உண்மையைச் சொல்லிக் கேட்டார்கள். அந்த வீட்டம்மா ஒரு நாள் யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அங்கே நான் முதன்முறை போனபோது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போயிருந்தேன். பையைப் பிரித்ததும் மதினிக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏட்டி, சீக்காளியப் பாக்கவா வந்திருக்க? அடுத்த தடவ நல்ல கருவாடா வாங்கிட்டு வா. அத்தையயும் கூட்டிட்டு வா.”

கருவாடு அடுத்த மாதமே கொண்டுபோனேன். அம்மாவிடமும் கேட்டுப் பார்த்தேன். வெயில் தணியட்டும் என்றிருக்கிறாள்.