லாபக் கட்சிக்காரி

பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு விலகியதில் எங்களுக்கு என்ன வந்தது? ஒன்றும் இல்லை. ஆனாலும் டெக்ஸாஸில் உட்கார்ந்துகொண்டு அதற்காக நானும் என் தோழியும் மைக் பிடித்துச் சண்டை போட்டதை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. பின்னாலேயே அவள் ஞாபகமும் வந்துவிடுகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் இங்கிலாந்தில், ஸ்விண்டன் என்ற ஊரில் ஒரே வீட்டில் இருந்தவர்கள் நாங்கள். சென்னைக் கம்பெனி ஒன்று எங்களை சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு அங்கே அனுப்பியிருந்தது. மாடியில் எங்களுக்கு ஆளுக்கொரு அறை. கீழே ஒரு ஸ்பானியப் பெண். அவளுக்கு நீண்ட வார இறுதி வந்தால் போதும், ஒரு பையில் நான்கு துணியைத் திணித்துக்கொண்டு ரோமுக்கோ லிஸ்பனுக்கோ கிளம்பிவிடுவாள். நாங்கள் பாரிஸைப் பார்க்க ஆசைப்பட்டபோது பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனிக் கடிதம், ஓட்டல் ரசீது எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு லண்டனில் போய் வரிசையில் நின்றோம். "இவளுக்கு மட்டும் ஐரோப்பா முழுக்க அம்மா வீடு, நமக்கு மட்டும் வாசல்லயே விசாரணை" என்று தோழி அந்த வரிசையில் நின்றபடியே புலம்பினாள். எனக்குக் கால் வலிதான் பெரிதாக இருந்தது.

ஆனாலும் அந்த நாட்களை எங்களால் மறக்க முடியவில்லை. தெரு முனையில் ஒரு போலந்துக்காரர் கடை. இங்கிலீஷ் கடைத் தயிர் எத்தனை நாள் வெளியே வைத்தாலும் புளிக்காது. அந்தப் போலந்துக் கடையில் கெஃபிர் என்று ஒரு புளித்த மோர் பாட்டிலில் கிடைத்தது. அதை வைத்து அவள் மோர்க்குழம்பு செய்தாள் பாருங்கள், எங்கள் அம்மாக்கள் செய்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த இரண்டு பெண்கள் எதற்கு இவ்வளவு கெஃபிர் வாங்குகிறார்கள் என்று கடைக்காரருக்கு ஒரே ஆச்சரியம். ஒரு நாள் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். சாப்பிட்டுவிட்டு மஞ்சளாக இருந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

பிறகு இருவருக்கும் கல்யாணம் ஆனது. அவளுக்கு அங்கேயே ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அந்தக் குழந்தைக்கு மூன்று வயதானபோது அவள் வேலை அமெரிக்காவுக்கு மாறியது. அடுத்த வருஷமே என் கணவருக்கும் இந்தப் பக்கம் வேலை கிடைத்தது. இர்விங் ஊரில், லாஸ் கொலினாஸ் பகுதியில் ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில் வீடு பிடித்தோம். சனிக்கிழமை காலை என்றால் அவள் என் வீட்டில்தான். காபி, தோசை, நாத்தனார் வம்பு, அதற்கப்புறம் எப்படிச் சுற்றினாலும் பேச்சு ஸ்விண்டனில்தான் போய் நிற்கும்.

விலகுவது என்று அந்த நாட்டு மக்கள் ஓட்டுப் போட்ட அன்றைக்கு அவள் என் சோஃபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்து அழுதாள். நிஜமாகவே அழுதாள். "அந்தக் கெஃபிர் கடைக்காரர், நம்ம ஸ்பானிஷ் பொண்ணு, இவங்கல்லாம் என்னடி பண்ணுவாங்க?" என் கணவர் டிஷ்யூ பெட்டியை நீட்டிவிட்டு, "இங்க நமக்கே நாளைக்கு விசா இருக்குமான்னு தெரியல, இவங்க ஐரோப்பாவுக்கு அழறாங்க" என்று நகர்ந்தார். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரே கட்சி. நட்டக் கட்சி.

அவர் சொன்ன விசா விஷயம் எங்களுக்கு எளிதாக முடிந்துவிட்டது. என் கணவர் பிறந்தது குவைத்தில். அவர் அப்பா அங்கே வேலை பார்த்தார், அவ்வளவுதான். கிரீன் கார்டுக்குப் பிறந்த நாட்டைத்தான் பார்ப்பார்கள் என்பதால் நாங்கள் இந்தியாவின் நீண்ட வரிசையில் நிற்கவே இல்லை. என் தோழி பிறந்தது மாம்பலத்தில், அவள் கணவர் பிறந்தது திருச்சியில். இரண்டு பேரும் அந்த வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் ஒரு நாளும் இதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

ஒரு தீபாவளி சமயம் என் அடுக்களையில் நின்று மிக்சர் கொறித்துக்கொண்டே, "யூகேல ஒரு வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கேன்டி" என்றாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். பெண்ணுக்கு இருபத்தோரு வயது முடிந்தால் பெற்றோர் விசாவில் இங்கே இருக்க முடியாது. அதற்குள் கிரீன் கார்டு வராது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். இங்கிலாந்திலோ இப்போது ஐரோப்பாக்காரர்களுக்குத் தனி வழி கிடையாது, எல்லோரும் விசா வாங்கித்தான் வர வேண்டும், அதனால் அங்கே கம்பெனிகள் நம்மவர்களையும் கூப்பிடுகின்றன. ஆனால் பெண்ணை உடன் அழைத்துப் போவதென்றால் அவளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் விசா போட்டாக வேண்டும். "ஆகஸ்ட்ல பர்த்டே. அதுக்குள்ள கிளம்பணும். யார்கிட்டயும் சொல்லாத, அவ ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் அவ விசா விஷயமே தெரியாது."

எனக்கு அவள் போகக் கூடாது. காரணம் எல்லாம் பிறகு. போகக் கூடாது. அங்கே மழை, விலைவாசி, ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் காத்திருப்பு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கினேன். "ம்" என்று கேட்டுக்கொண்டு மிக்சரில் வேர்க்கடலையாகப் பொறுக்கித் தின்றாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றத் தலைப்பு தேடினார்கள். வருஷா வருஷம் 'அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா மனைவியா' என்று பேசிப் பேசி எல்லோருக்கும் சலித்துவிட்டது. லண்டனில் சில காலம் இருந்த கமிட்டி அங்கிள் ஒருவர், 'ஐரோப்பாவை விட்டுப் பிரிந்தது பிரிட்டனுக்கு லாபமா, நட்டமா?' என்று வைக்கலாமே என்றார். அந்த ஊரில் இருந்தவர்கள் என்று எங்கள் இருவரையும் பிடித்துப் போட்டார்கள். யார் எந்த அணி என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வது வழக்கம். மனசில் இருப்பதைப் பேசினால் சண்டை வந்துவிடுமாம். எனக்கு நட்டம் வந்தது. அவளுக்கு லாபம். "போச்சுடா, நான் அழுததைப் பார்த்தவ நீயே எனக்கு எதிரணியா" என்று அவளே சிரித்தாள்.

எதிரெதிர் அணி என்றாலும் தயாரிப்பெல்லாம் சேர்ந்துதான். எல்லா ஊர்ச் சங்கத்திலும் இதுதான் ரகசியம். ஒரே ஜோக்கை இரண்டு பேரும் சொல்லிவிட்டால் மானம் போய்விடும் அல்லவா? சனிக்கிழமைகளில் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "நீ ஆப்பிள் பறிக்க ஆளில்லைன்னு சொல்லு, நான் அதை இப்படி மடக்கறேன்" என்று பேசிப் பேசிச் சிரித்தோம். அந்த மேஜையில் அவள் வேலை விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நேர்முகத் தேர்வு முடிந்து பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

விழா அன்று பள்ளிக்கூட அரங்கம் நிறைந்திருந்தது. பட்டுப் புடவையும் ஸ்னீக்கர்ஸுமாகக் கூட்டம். நடுவராக ஒரு டாக்டர் அங்கிள். நன்றாகச் சிரிக்க வைப்பார், நோயாளிகளையும் அப்படித்தான் என்று கேள்வி. இரண்டாவது வரிசையில் தோழியின் பெண் தன் பள்ளித் தோழிகளோடு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் நான். "நடுவர் அவர்களே!" என்று ஆரம்பித்து ஆப்பிள், லாரி டிரைவர் தட்டுப்பாடு, துறைமுகத்தில் காகிதம் காகிதமாக நிரப்பும் சின்ன வியாபாரி என்று போனேன். ஒத்திகை பார்த்த இடங்களிலெல்லாம் கைதட்டல் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. "பழைய இங்கிலாந்து அங்கேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இப்போது யாராவது கிளம்பிப் போனால், அங்கே அது இருக்காது. அந்தக் கடை இருக்காது. அந்தத் தெருவில் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. இங்கே இருப்பதையும் விட்டுவிட்டு அதைத் தேடிப் போவது நட்டத்திலும் நட்டம்!" என்றேன். சபைக்கு இது பேச்சு. தோழி தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அவள் முறை வந்தது. கையிலிருந்த குறிப்பை மேஜையிலேயே வைத்துவிட்டு மைக்குக்கு வந்தாள்.

"நடுவர் அவர்களே, பிரிட்டனுக்கு லாபமா நட்டமா, அது அவங்க பாடு. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். ஒரு வீட்டுக்காரன் பக்கத்து வீட்டோட சண்டை போட்டுக்கிட்டு நடுக் கதவைச் சாத்திட்டான். இப்ப வேலைக்கு ஆளில்லாம வாசல் கதவைத் திறந்து தெருவுல நிக்கற என்னைக் கூப்பிடறான். சண்டை போட்டது தப்பு. நானே அழுதேன். ஆனா எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. கிண்டர்கார்டன்லேர்ந்து இந்த ஊர்ல படிச்சவ. அவளுக்கு இருபத்தோரு வயசானா, நீ யாரு, எதுக்கு இங்க இருக்கேன்னு கேப்பாங்க. என் கிரீன் கார்டு வர்றதுக்குள்ள எனக்குப் பேரன் பேத்தி வந்துரும்."

சபை கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"திறந்திருக்கற கதவைப் பார்த்துட்டு, ஐயோ அந்தச் சண்டை தப்பாச்சேன்னு நான் தெருவுலயே நிக்கணுமா? என் பொண்ணை நிக்க வைக்கணுமா? சொல்லுங்க நடுவர் அவர்களே!"

நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மேடைக்கு எதிரே முதல் வரிசையில் இருந்த ஆன்டி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னமா நடிக்கறா பாரு!" என்றார். எனக்கு அந்த ஆன்டியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

நடுவர் இரண்டு பக்கமும் பேசிவிட்டு, ஒன்றாக இருந்தவர்கள் பிரிவது எப்போதுமே நட்டம்தான் என்று எங்கள் அணிக்குத் தீர்ப்புச் சொன்னார். எல்லோருக்கும் பொன்னாடை போட்டார்கள். அவள்தான் எனக்குப் பலமாகக் கைதட்டினாள்.

பார்க்கிங்கில் அவள் பெண் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, யூ டோல்ட் எவ்ரிபடி" என்றாள். முகம் சிவந்திருந்தது.

"யாரும் நம்பலடி கண்ணு. எல்லாரும் நடிப்புன்னு நினைச்சுட்டாங்க."

அந்தப் பெண் காருக்குள் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். தோழி என் பக்கம் திரும்பி, "நேத்து ஆஃபர் வந்துருச்சுடி. உன் ஸ்பீச் கெட்டுப்போயிடுமேன்னு சொல்லல" என்றாள். என் ஸ்பீச்! நான் பொன்னாடையால் மூக்கைத் துடைத்தேன். அது சரிகை, நன்றாகக் குத்தியது.

பள்ளி முடியும்வரை இருந்துவிட்டு ஜூனில் கிளம்பினார்கள். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கார் ஓட்டினேன். வழியெல்லாம் அவள் பெண் ஹெட்போனைக் கழற்றவில்லை. எப்போது பொருமினாலும் அதே வார்த்தைதான் அவளுக்கு, "ஐ டோன்ட் ஈவன் ரிமெம்பர் தட் பிளேஸ்." பிறந்த ஊர் என்று நாங்கள் சொல்லலாம். அவளுக்கு ஊர் இர்விங்தான். இறங்கியதும் தோழி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் கோபமாக இருந்தேன், அதனால் அழவில்லை. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிரிட்டன்மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சனிக்கிழமை காலையில் போன்தான். எனக்குக் காபி நேரம், அவளுக்குச் சாயங்காலம் ஆகப் போகும். முதல் சில மாதம் நான் சொன்னதெல்லாம் பலித்தது. வாடகை அதிகம், டாக்டரைப் பார்க்க முடியவில்லை, விசா விதிகளை மேலும் இறுக்கப் போவதாகப் பேச்சு. பஸ்ஸில் இரண்டு பெரியவர்கள் ஐரோப்பாவை விட்டது சரியா தப்பா என்று இன்னும் கத்திக்கொள்வதாகச் சொல்லிச் சிரித்தாள். பெண் ரூமை விட்டு வெளியே வருவதில்லை என்றும் சொன்னாள். ஒவ்வொன்றையும் கேட்டு உச்சுக் கொட்டினேன். மனசுக்குள் ஒரு மூலையில் 'நான் அப்போதே சொன்னேனே' என்றும் ஓடியது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன வாரம் கூப்பிட்டபோது அவள் குரலே வேறாக இருந்தது. "நம்ம பொண்ணு வியாழக்கிழமை ஓட்டுப் போட்டாடி" என்றாள்.

எப்படி என்று எனக்குப் புரியவில்லை, அவள்தான் விளக்கினாள். அந்த ஊரில் விசாவில் இருக்கும் இந்தியர்களும் ஓட்டுப் போடலாம், காமன்வெல்த் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பதினெட்டு முடிந்ததும் இவள் பதிந்துகொண்டாளாம். உள்ளாட்சித் தேர்தல்தான். காலையில் காலேஜுக்குப் போகும் வழியில் சர்ச் ஹாலில் நின்று போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"யாருக்குடி போட்டேன்னு கேட்டா, 'மாம், இட்ஸ் எ சீக்ரெட் பேலட்'ங்கறா. வீட்டுக்கு வந்து ரோட்டுல குழி இருக்கு, பஸ் குறைச்சுட்டாங்கன்னு ஒரே சண்டை. 'அவர் கவுன்சில்'ங்கறாடி! நம்ம கவுன்சிலாம்!"

இர்விங்கில் மூன்று வயதிலிருந்து வளர்ந்த குழந்தை அது. கொடிக்கு முன்னால் நெஞ்சில் கை வைத்துத் தினமும் உறுதிமொழி சொன்ன குழந்தை. இங்கே யாரும் அவளிடம் ஓட்டுக் கேட்டதில்லை. கேட்டிருக்கவும் மாட்டார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது, கூடவே வெட்கமும்.

"நீ போனது நல்லதுதான்டி" என்றேன். ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவளுக்கு லாபம்தான்டி" என்றாள் என் தோழி. "நான்தான் இங்க சனிக்கிழமையானா யார் வீட்டுக்குப் போறதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கேன்."