ஒரு ஆடா, இரண்டா?

எங்கள் மருதமுனை முஸ்லிம்கள் வழக்கப்படி குழந்தை பிறந்த ஏழாம் நாள், ஆண் என்றால் இரண்டு ஆடும் பெண் என்றால் ஒன்றும் அறுத்துப் பேர் வைப்போம். அக்கா முறையில் நான் ராத்தா என்றழைக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் குழந்தைக்கு ஏழு நாள் கழிந்தும் ஆடு அறுக்கவில்லை. பார்க்கப் போன நான், பெண்கள் நிறைந்த அறையில் வாய்த்துடுக்காகக் கேட்டுவிட்டேன்: "ஒண்டா, ரெண்டா ராத்தா?"

"ஆணா பொண்ணா எண்டு டாக்டருக்கே விளங்கல்ல தங்கச்சி" என்றவர், பிள்ளையின் துணியை இழுத்து மூடினார்.

ஊற்றிய தேத்தண்ணி ஆறிக் கிடக்க, ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். நானும்தான் போனேன்.

மறுநாள் மனம் கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். ராத்தா அழுதுவிட்டார்.

"பொறந்த நாளிலிருந்து என்னத் தவிர நீதான் தூக்கியிருக்காய்."

இப்போதெல்லாம் பிள்ளை பிறந்த வீட்டில் நான் ஒன்றும் கேட்பதில்லை. முதலில் கையை நீட்டுகிறேன்.