தறிக்குழியில் கேட்ட அழுகை

எங்கள் வீட்டில் முகூர்த்தப் புடவை தறியில் ஏறிவிட்டால் யாரும் அழக்கூடாது. கோபப்படவும் கூடாது. நெய்கிறவர்கள் மனத்தில் இருப்பது நூலோடு போய்விடும், அதை உடுத்துகிற பெண் ஆயுளுக்கும் சுமப்பாள் என்பது அம்மாவின் நம்பிக்கை. ஆரணியில் எல்லா வீட்டிலும் இவ்வளவு கண்டிப்பு இருந்ததா என்று தெரியாது. சிறுவயதில் நான் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தால், காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே அம்மாவின் கை என் வாயைப் பொத்திவிடும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை எங்கும் தலை நிமிர்ந்தே சொல்வேன். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது எனக்கு அம்மாவின் நம்பிக்கை ஏளனமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வீட்டுக்குள் நானும் அழுததில்லை.

அந்த வருடம் அண்ணியின் குழந்தை ஜுரத்தில் இறந்துபோனது. அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. கைக்குழந்தை என்பதால் பெரிய காரியம் எதுவும் செய்யவில்லை. புதைத்துவிட்டு வந்து தலை முழுகினார்கள். பாதி நெய்த முகூர்த்தப் புடவை தறியில் இருந்தது. கல்யாணமும் நெருங்கிக்கொண்டிருந்தது. சில நாளிலேயே அண்ணன் தறியில் உட்கார்ந்தார். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் நெய்ய ஓர் ஆள் போதாது. அண்ணன் தறிக்கு அடியிலிருக்கும் குழிக்குள் காலை விட்டு மிதித்துக்கொண்டே, ஊடு நூலைக் கொண்டுபோகும் நடு நாடாவை ஓட்ட, வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைப் போடுவது அண்ணியின் வேலை.

"அழுவறதெல்லாம் அழுதாச்சும்மா. இனிமே வேணாம். யார் வூட்டுப் பொண்ணோ கட்டிக்கப் போவுது. நம்ம வயித்தெரிச்சல் அதுக்கு எதுக்கு?" என்றாள் அம்மா.

அதில் கொடுமை எதுவும் இல்லை. முகம் தெரியாத அந்தப் பெண்மேல் அம்மாவுக்கு உண்மையான கரிசனம் இருந்தது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"உம் மருமவளாட்டம் வருமா?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. "எனக்கும் ஒருத்தி வாச்சிருக்காளே, பால் பொங்கி வழிஞ்சா ஒப்பாரி வெப்பா."

அந்தச் சிரிப்பு பிறகு அண்ணியின் முகத்தை விட்டுப் போகவில்லை. பாத்திரம் துலக்கும்போதும், குனிந்து கோலம் போடும்போதும், கண் அயர்ந்து கிடக்கும்போதும் அப்படியே இருந்தது. ஒருநாள் கொதிக்கிற கஞ்சிப் பானையைத் துணி இல்லாமல் வெறும் கையால் இறக்கி வைத்தாள். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அதை நிதானமாகப் பார்த்தவள், "சுட்டுதா பாப்பா?" என்று என்னைக் கேட்டாள். முகத்தில் அதே சிரிப்பு.

அதற்கடுத்த சனிக்கிழமை நண்பகலில்தான் முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்டது. நான் சுவரோரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தறிச் சத்தத்தின் இடைவெளியில் மெல்லியதாக ஏதோ கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது போல. அண்ணன் மிதிப்பதை நிறுத்தினார். தறி நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் நீடித்தது. முதலில் குழிக்குள் எட்டிப் பார்த்தது அண்ணிதான்.

"யாரோ அழுவறாங்க இல்ல?" என்றாள்.

வெயில் நடுவீடு வரை வந்து விழுந்திருந்தது. குழியில் அண்ணனின் கால்களைத் தவிர ஒன்றுமில்லை.

மறுநாளும் கேட்டது. அம்மா குழியில் வேப்பிலை போட்டாள், கற்பூரம் காட்டினாள். தாயைத் தேடிக் குழந்தை வந்துவிட்டது, அண்ணியைப் பிடித்துக்கொண்டது என்று முடிவாயிற்று. சந்தவாசல் பக்கத்திலிருந்து பம்பைக்காரரை அழைத்து, பம்பை அடித்து அமாவாசையன்று பேயை ஓட்டிவிடலாம் என்றார்கள். எங்கள் தெருவில் ஒருத்திக்கு அப்படி ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். கூந்தலை மரத்தில் ஆணியடித்துக் கட்டி, வேப்பங்கொத்தால் அடித்தார்கள். அவள் அப்புறம் யாரிடமும் பேசவில்லை. பேசாதவளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று புருஷனுக்கு வேறு பெண் பார்த்தார்கள். அண்ணிக்கும் அதுதான் நடக்கப்போகிறது என்று பட்டது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அண்ணியின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். நாடா போனது, வந்தது. சத்தம் தொடங்கியது. அது குழியிலிருந்து வரவில்லை. என் தோளருகே கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மூடிய உதட்டில் சிரிப்பு, கண் நாடாவின் மேல், ஆனால் தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. விரலை அவள் கழுத்தில் வைத்தேன். அழுகை என் விரலில் அதிர்ந்தது.

"அண்ணி, அழுவறது நீங்கதான்."

"நானா? நான் எங்க பாப்பா அழுவறேன்? சிரிச்சிகினு இல்ல கீறேன்!"

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நாலெழுத்து படிச்சிட்டா பேய்க்கும் வாத்தியாரா நீ? பேஜார் பண்ணாத, போ" என்றாள். ஆனால் கொப்புளித்த கையால் நாடா பிடிக்க முடியாமல் அண்ணி திணறியதை அம்மாவும் கவனித்திருந்தாள். அமாவாசை வரை தேவிகாபுரத்தில் தாய் வீட்டில் இருக்கட்டும், கரையைத் தானே போட்டுக்கொள்கிறேன் என்று சம்மதித்தாள். கொண்டுபோய் விடும் வேலை எனக்கு வந்தது.

பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊர் முடிந்து வயல்கள் வந்ததும் என் காதருகே குனிந்தாள்.

"பாப்பா, இங்கேருந்து தறிக்குக் கேக்குமா?"

"கேக்காது அண்ணி."

அவள் முகம் கோணியது. வாய் திறந்தது. முதலில் சத்தமே வரவில்லை. வந்தபோது பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் பதறிக்கொண்டு வந்தார். "இன்னாம்மா, இன்னா ஆச்சு அந்த அம்மாவுக்கு?"

"கொழந்த செத்துப்போச்சுங்க" என்றேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முன் சீட்டுக் கிழவி எழுந்து வந்து அண்ணியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். தேவிகாபுரம் வரை யாரும் அவளை அடக்கச் சொல்லவில்லை.

அவளை விட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பினேன். வெளிச்சம் இன்னும் போகவில்லை. தெருவிலேயே எங்கள் தறியின் சத்தம் கேட்டது. அதன் இடைவெளியில் அதே அழுகையும் கேட்டது.

வாசற்படியில் என் கால் நின்றுவிட்டது. அண்ணி தேவிகாபுரத்தில் இருக்கிறாள். என் கையால் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் இது என்ன? நான் படித்தது எதுவும் அந்த நேரத்தில் துணைக்கு வரவில்லை.

உள்ளே போனேன். அண்ணியின் இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வியர்த்து வழிய குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியாடி? அவ போயும் இது போவல பாரு," என்று சிரித்தாள் அம்மா. பேசி முடித்து உதட்டை மூடியதும் அழுகை மறுபடி தொடங்கியது.

அவள் கையைப் பிடித்து அவள் கழுத்திலேயே வைத்தேன்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இறந்தன. அது அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போதும் அவள் தறியில்தான் இருந்திருப்பாள். அம்மா கையை எடுக்கவே இல்லை. அந்தச் சத்தம் தேய்ந்து நின்ற பிறகும் வைத்துக்கொண்டே இருந்தாள். அழுதாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அவள் அழவில்லை.

"பம்பக்காரன் வேணான்னு ஆள் அனுப்பு," என்றாள் அண்ணனிடம். "அவ அங்கியே இருக்கட்டும். அழுது முடிச்சிட்டு வரட்டும்."

பிறகு கரை நாடாவைக் கையில் எடுத்தாள். அண்ணன் மிதிக்கவில்லை. சரிகைக் கரைமேல் முகத்தைக் கவிழ்த்திருந்தார். அவர் தோள்கள் குலுங்கின. அம்மா அவரைத் தடுக்கவில்லை.